தொற்றாதவர்களைத் தேடி

மல்டிப்பிள் ஸ்கிலிரோசிஸ். ஆஸ்பத்திரியில் எல்லோரும் எம்.எஸ். என்றே சொல்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை அங்கங்கே அழிந்து தழும்பாகிறது. ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் நடுவில் தொடங்குகிறது; பெண்களுக்கே அதிகம். வேலையில் கால் ஊன்றி, பிள்ளை பெற்று வளர்க்கிற வயது. ஏன் வருகிறது என்ற கேள்வியை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

*

ஆல்பர்ட்டோ அஸ்கெரியோ. மிலானில் மருத்துவம் படித்த இத்தாலியர், ஹார்வர்டில் பேராசிரியர். எப்ஸ்டீன்-பார் வைரஸ்தான் எம்.எஸ். நோய்க்கு வழி திறக்கிறதா என்ற ஒரே கேள்வியை 20 ஆண்டுகளுக்கு மேல் விடாமல் பிடித்திருந்தவர்.

*

அந்தக் கேள்வியின் சிக்கல் இது: எச்சில் வழியாகப் பரவும் அந்த வைரஸ், வளர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேரிடம் இருக்கிறது. நோயாளியிடம் இருக்கிறது என்று காட்டி என்ன பயன்? பக்கத்தில் நிற்கும் ஆரோக்கியமானவரிடமும் இருக்கிறதே. யாருக்கும் வேண்டுமென்றே கிருமியைக் கொடுத்துப் பார்க்கவும் முடியாது. மிஞ்சியது ஒரே வழி. இன்னும் தொற்றாத அந்தச் சிலரைப் பிடித்து, யாருக்குத் தொற்றுகிறது, பிறகு யாருக்கு நோய் வருகிறது என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். அவர்களோ குறைவு, நோயோ அரிது. அதனால் கோடிக்கணக்கில் ஆள் வேண்டும்.

*

ஆள் கிடைத்த இடம் அமெரிக்க ராணுவம். எச்.ஐ.வி. சோதனைக்காக, சேரும்போதும் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் ரத்தம் எடுக்கிறார்கள். சோதித்தது போக மீந்த சீரத்தைக் கொட்டிவிடாமல் உறைய வைத்திருந்தார்கள். இந்த நோய்க்கு அது உதவும் என்று நினைத்து யாரும் சேர்த்ததல்ல. அஸ்கெரியோவின் குழு அதே சீரத்தை வைத்து, வைட்டமின் டி நிறைய உள்ள வெள்ளையர்களுக்கு எம்.எஸ். ஆபத்து குறைவு என்று 2006-லேயே காட்டியிருந்தது.

*

2022 ஜனவரி, 'சயின்ஸ்' இதழில் அஸ்கெரியோ குழுவின் கட்டுரை. முதல் ஆசிரியர் ஷெட்டில் பியார்னெவிக். ஒரு கோடிக்கும் மேற்பட்ட படையினர், 20 ஆண்டு காலம். அவர்களில் எம்.எஸ். வந்து, போதுமான சீரமும் கிடைத்தவர்கள் 801 பேர். முதல் ரத்தத்தில் வைரஸின் சுவடே இல்லாதவர்கள் 35 பேர். அந்த 35 பேரில் 34 பேருக்கு, நோய் தொடங்கும் முன்பே தொற்று வந்திருந்தது. ஒருவருக்கு மட்டும் கடைசிச் சீரம் வரை இல்லை. தொற்றியபின் ஆபத்து 32 மடங்கு.

இந்த 32-ஐ விட, அவர்கள் தங்களையே சந்தேகித்து வைத்த சோதனைகள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. நோய்தான் முதலில் வந்து, அதன் விளைவாக வைரஸ் எளிதில் தொற்றியிருந்தால்? அதே போல எச்சில் வழியே பரவும் சைட்டோமெகலோ வைரஸையும் பார்த்தார்கள். அதனால் ஆபத்து கூடவில்லை. நரம்பு சிதையும்போது ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதத்தையும் அளந்தார்கள். எப்ஸ்டீன்-பார் தொற்றுவதற்கு முன் அது ஏறவில்லை; பிறகுதான் ஏறியது. எது முந்தி, எது பிந்தி என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டிய வேலையை நான் அதிகம் படித்ததில்லை.

*

2025-இல் பிரேக்த்ரூ என்ற அறிவியல் பரிசை அஸ்கெரியோவோடு பகிர்ந்துகொண்டவர் ஸ்டீபன் ஹவுசர். எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த பி செல்களை அழித்தால் எம்.எஸ். அடங்கும் என்று காட்டியவர். எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஆயுள் முழுக்கக் குடியிருப்பதும் பி செல்லில்தான். இருவர் தனித்தனியே தோண்டிய சுரங்கங்கள் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன.

*

மிச்சம் இருப்பது: தொற்றிய கோடிக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கு மட்டும் ஏன்? மரபணு, புகைபிடித்தல், வைட்டமின் டி குறைவு எல்லாம் பட்டியலில் உண்டு. சின்னக் குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. பதின்வயதில் தொற்றி, அது சுரப்பிக் காய்ச்சலாக வெளிப்பட்டவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து கூடுதல். அந்த வயது வித்தியாசம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைத்தான் இனி தேடிப் படிக்க வேண்டும். வைரஸுக்குத் தடுப்பூசிகள் சோதனையில் இருக்கின்றன. நாளைக்கே ஒன்று தேறினாலும், அது எம்.எஸ்.ஸைத் தடுக்கிறதா என்று அறிய, ஊசி போட்ட பிள்ளைகள் முப்பது வயதை நெருங்கும்வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தாக வேண்டும்.