அளவு சேராத கல், என் வயலைத் தின்ற கதை!

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். வீடு கட்டப் பணம் போதாமல், அதில் அரை ஏக்கர் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றேன். மூன்றடி ஆழம் வெட்டி எடுத்தார்கள். இன்றைக்கும் மழை பெய்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிறது. எத்தனை வண்டி எரு அடித்தும் மல்லாட்டை பழையபடி காய்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து இறங்கிய செங்கல்லிலாவது நிம்மதி கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. ஒரு கல் ஒன்பது அங்குலம், இன்னொன்று எட்டரை. மேடு பள்ளத்தைக் கொத்தனார் கலவை வைத்துத்தான் சரிக்கட்டினார். பூச்சும் கனமாகி, சிமென்ட் கணக்குக்கு மேல் போனது. சுவர் நீளத்துக்குச் சேராமல் உடைத்துப் போட்ட துண்டுகளே வாசலில் குவிந்து கிடந்தன. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. யாரோ ஒருவரின் வயல் மண்தானே அதுவும்!

போன வருடம் தம்பி மகன் வந்து, "பெரியப்பா, நானும் வீடு கட்டணும். மேற்கு வயல் மண்ணைச் சூளைக்குக் கொடுத்துடலாமா?" என்றான்.

"அவசரப்படாதப்பா. முதல்ல ஆரோவில் போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றேன்.

நம் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில்தான் ஆரோவில் இருக்கிறது. மண் கட்டடத்துக்கென்றே 1989-ல் அங்கு ஒரு நிலையம் தொடங்கினார்கள். அங்குள்ள பார்வையாளர் மையத்தின் சுவர்கள் சுடாத மண் கல்லால் கட்டியவை. மேல்மண்ணை விவசாயத்துக்கு ஒதுக்கிவிட்டு, அடிமண்ணோடு சுமார் 5 சதவிகிதம் சிமென்ட் கலந்து, இயந்திர அச்சில் அழுத்துவதுதான் முறை. நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்தால் கல் தயார். விறகும் வேண்டாம், சூளையும் வேண்டாம். ஒரே அச்சில் வருவதால் கல்லுக்குக் கல் அளவு மாறாது. கலவை மெல்லிசாகப் போதும். பூச்சு இல்லாமலும் விடலாம்.

அளவில் இருக்கும் லாபம் அங்கேதான் எனக்கு உறைத்தது. சுட்ட செங்கல்லுக்கும் இந்தியத் தரநிலை ஓர் அளவு சொல்கிறது: நீளம் 19, அகலம் 9, உயரம் 9 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் கலவை சேர்ந்தால் 20, 10, 10. பத்து வரிசை வைத்தால் சரியாக ஒரு மீட்டர் உயரம். சுவர், நிலை, ஜன்னல் எல்லாவற்றையும் இந்தக் கணக்கிலேயே வரைந்துவிட்டால், கல்லை உடைக்கும் வேலை பெரும்பாலும் இருக்காது.

'எல்லா மண்ணிலும் இந்தக் கல் வருமா?' என்று கேட்பீர்கள். வராது. களி அதிகமிருந்தால் காயும்போது வெடிக்கும். மணல் சேர்க்க வேண்டும். மண்ணைச் சோதித்த பிறகே இறங்குங்கள்.

சூளைக் கல்தான் வாங்கப் போகிறீர்களா? ஒன்பது அங்குலக் கல் இருபதை எடுத்து, நீளவாக்கில் இடைவெளி இல்லாமல் அடுக்கி டேப் பிடியுங்கள். 460 சென்டிமீட்டர் வர வேண்டும். 8 சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். அதற்கு மேல் போனால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

தம்பி மகன் மனையிலேயே குழி தோண்டி, அடிமண்ணைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறான். மேற்கு வயலில் மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை விதைத்துவிட்டோம்.