ஒரு ஸ்பூனுக்குள் அரைக் கிலோ இலை

தாயி, உன் சிநேகிதி ஊட்டியிலிருந்து வாங்கி வந்த நீலகிரித் தைலத்தை முகத்துக்கும் தலைக்கும் பூசலாமா என்று கேட்டாயே. கம்பவுண்டர் வேலையிலேயே காலத்தை ஓட்டிய தாத்தாவிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும்.

பாம்பன் மணலில் நமக்குப் பழக்கமானது பனையும் உடை மரமும்தான். தைல மரம் ஆஸ்திரேலியாக்காரன். 1843-இல் கேப்டன் காட்டன் என்ற வெள்ளைக்காரர் அதை நீலகிரியில் நட்டார். பிறகு விறகுக்காகவே மலையெங்கும் பரப்பினார்கள். அங்கே இலையை அள்ளிப் பெரிய கொப்பரையில் அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியே போய்த் தண்ணீர்த் தொட்டியில் குளிர்ந்து இறங்கும். தண்ணீர் அடியில் நிற்க, எண்ணெய் மேலே மிதக்கும். 100 கிலோ இலைக்கு ஏறக்குறைய 1 கிலோ எண்ணெய். கணக்குப் போட்டுப் பார்: ஒரு ஸ்பூன் தைலம் என்றால் அரைக் கிலோ இலை! ரோட்டோரத்தில் சல்லிசாக விற்கிற பாட்டிலை நான் நம்பாததற்கும் இதுதான் காரணம்.

அதனால் சொட்டுக் கணக்குதான். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் 5 மில்லி, சுமார் 100 சொட்டு. அதில் தைலம் 2 சொட்டு போதும். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறு. சிவந்தால் விட்டுவிடு. தலை அரிப்பு கொஞ்சம் தணியலாம். முடி வளரும் என்பது விளம்பரக் கதை. முகத்துக்கு வேண்டாம் என்பேன், கண் பக்கத்திலேயே இருக்கிறது.

வாடைக்காற்று கிளம்பினால் நம் தெருவில் வீட்டுக்கு வீடு மூக்கடைப்பு. வேது பிடிக்க ஓரிரு சொட்டு போதும், கண்ணை மூடிக்கொள். தைலத்திலுள்ள சினியோல் என்ற பொருள் மூக்குக்குள் குளிர்ச்சியைக் கிளப்புவதால் அடைப்பு விட்டது போலிருக்கும். சளி உள்ளே இருந்தாலும் இருக்கும். மூன்று நாளில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் போ, இன்னொரு சொட்டு விடாதே.

உன் அக்கா பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டான். இரண்டு வயசுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மூக்கிலும் நெஞ்சிலும் இந்தத் தைலத்தைத் தடவக் கூடாது, மூச்சு திணறும். சட்டி வெந்நீர் பக்கத்திலும் விடாதீர்கள். ஒரு ஸ்பூன் உள்ளே போனாலே வலிப்பு, மயக்கம் வரை கொண்டுபோய் விட்டுவிடும். குடித்துவிட்டால் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பெரியவர்களிலும் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு இதுவும் கற்பூரமும் கலந்த தைலங்கள் ஆகாது. அடிக்கடி தேய்த்ததாலேயே வலிப்பு வந்தவர்களைப் பற்றி பெங்களூரு டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

உன் தம்பிக்கும் இதில் வேலை இருக்கிறது. வல்லத்துக்குத் தார் பூசிவிட்டு மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்க்கிறான். இரண்டு சொட்டுத் தைலத்தைத் துணியில் விட்டுத் துடைத்தால் பிசுக்கு கழன்றுவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவட்டும். துடைத்த கையோடு பீடியைப் பற்றவைக்க வேண்டாம் என்று சொல். தைலமும் தீப்பிடிக்கும்.