பனிப்பாறையும் நான் சொன்ன தப்பான பதிலும்

சென்ற மாதம் கல்லூரி வினாடி வினாவில் கடைசிக் கேள்வி இது: "கடலில் மிதக்கும் பனிப்பாறை உருகினால் வருவது உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா?" என்னோடு ஜோடியாக உட்கார்ந்திருந்த நண்பன், "நல்ல தண்ணிடா" என்று கிசுகிசுத்தான். நான் காதில் வாங்கவே இல்லை. கடலில் கிடப்பது உப்பாகத்தானே இருக்கும்? பஸ்ஸரை அழுத்தி "உப்புத் தண்ணீர்" என்றேன். ஒரே ஒரு பாயிண்டில் கோப்பை போனது. அவன் ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. அன்று இரவே உட்கார்ந்து படித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பனிப்பாறை கடல் நீர் உறைந்து உண்டாவது இல்லை. அது நிலத்தில் பெய்த பனி! கிரீன்லாந்து, அண்டார்டிகா போன்ற இடங்களில் பெய்யும் பனி கோடையிலும் முழுதாக உருகாது. அதன் மேல் அடுத்த வருடப் பனி, அதற்கும் மேல் அடுத்தது... மேலே எடை கூடக் கூட, அடியில் இருப்பது இறுகிக் கட்டியாகிவிடும். நடுவில் மாட்டிக்கொண்ட காற்று, குமிழ்களாக உள்ளேயே தங்கிவிடும். இந்தப் பனிக்கட்டி தன் எடையாலேயே சரிவில் மெல்ல மெல்ல நகர்கிறது. அதுதான் பனியாறு. கடலுக்கு வந்ததும் அதன் முனை உடைந்து மிதக்கத் தொடங்குகிறது. பசு கன்று போடுவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் அதே வார்த்தையைத்தான் இதற்கும் சொல்கிறார்கள்!

1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் மோதிய பனிப்பாறையும் இப்படிப் பிறந்ததுதான். மேற்கு கிரீன்லாந்தில் இலுலிசாட் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பனியாற்றிலிருந்து அது வந்திருக்கலாம் என்கிறார்கள். அங்கே உடைபவை பாஃபின் விரிகுடாவைச் சுற்றி, லாப்ரடார் நீரோட்டத்தோடு தெற்கே அட்லாண்டிக் வரை வருகின்றன. ஒரு கன மீட்டர் பனிக்கட்டி சுமார் 917 கிலோ, கடல் நீர் சுமார் 1025 கிலோ. வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதால், பனிப்பாறையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் மறைந்தே இருக்கும்.

படித்ததோடு விடவில்லை. ஒரு டம்ளரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஐஸ் முழுக்கக் கரைந்தும் ஒரு சொட்டு வழியவில்லை. பிறகு, அதே நிறைந்த டம்ளரில் வெளியிலிருந்து ஒரு ஐஸ் கட்டியைப் போட்டேன். உடனே வழிந்துவிட்டது! அப்போதுதான் புரிந்தது. மிதக்கும் பனிப்பாறை உருகுவதால் கடல் மட்டம் பெரிதாக ஏறாது. நிலத்தின் மேல் இருந்த பனி கடலுக்குள் இறங்கும்போதே ஏறிவிடுகிறது. மழையாகவோ பனியாகவோ பெய்து அது ஈடாகும் வரை கவலையில்லை. உலகம் சூடாகி, பெய்வதை விட அதிகமாகப் பனி கடலுக்குப் போவதுதான் இன்றைய பிரச்சினை.

மறுநாள் நண்பனிடம் டம்ளர் கதையைச் சொன்னேன். சிரித்தான்.

அடுத்த போட்டியில் பஸ்ஸர் அவன் கையில்தான்!