ஆட்டக்காரர் கேட்ட உறுத்துக்கட்டளை

பிராதில் கேட்ட பரிகாரம் ஒன்றே ஒன்றுதான். சங்கத்தின் கால்பந்து அணிக்கு மேனேஜராக இருக்கும் வாதியை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கக் கூடாது என்று பிரதிவாதிகளுக்கு நிரந்தர உறுத்துக்கட்டளை பிறப்பிக்க வேண்டும். உப்பளக் குத்தகை, படகுப் பங்கு, வாடகை பாக்கி என்று கட்டு கட்டாக வரும் எங்கள் தூத்துக்குடி முன்சீப் கோர்ட்டில் 2022-இல் வந்த வழக்கு இது. சங்கத்துக்கு நான் வக்காலத்து போட்டேன்.

ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். வேம்பார் தொடங்கி பெரியதாழை வரை எங்கள் மாவட்டத்துக் கடற்கரையில் எந்த ஊரிலும் இது நடந்திருக்கலாம். கோவில், அதை ஒட்டி மணல், மணலில் நட்ட கம்பங்கள். திருவிழா என்றால் கூடவே மின்னொளிப் போட்டி. வாதி அந்த மணலில் வளர்ந்து சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்கு ஆடியவர். இடது காலால் அவர் அடிக்கும் கார்னரைப் பார்ப்பதற்காகவே பக்கத்து ஊர்க்காரர்கள் சைக்கிள் மிதித்து வந்ததுண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் சங்கம் மாலை போட்டு அழைத்து அணியை அவர் கையில் கொடுத்தது. பயிற்சியாளர் லைசென்ஸ் அவரிடம் இல்லை. அதனால் ‘கோச்’ என்று எழுதாமல் ‘மேனேஜர்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த நியமனக் கடிதம்தான் வாதி தரப்புச் சான்றாவணம் 1. நான்கு வரி, அதில் இரண்டு வரி வாழ்த்து. எத்தனை காலத்துக்கு, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், எப்படி விலக்கலாம் என்பதற்கு ஒரு எழுத்து இல்லை.

பிறகு நடந்தது எல்லோரும் ஊகிக்கக் கூடியது. தினமும் காலை பையன்களை ஓடவிட்டு, பாஸ் பழக்கி, யாருக்கு எந்த இடம் என்று பார்த்து வைத்தவர் உள்ளூர் பி.டி. வாத்தியார். ஆட்டத்தன்று மட்டும் வந்து பதினோரு பேரை அறிவித்தவர் நம் வாதி. தோல்விகள் வந்தன. நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் போட்டு அவரை விலக்கியது. மறுவாரமே சம்மன்.

இடைக்கால மனு விசாரணைக்கு வந்தது அந்த ஆகஸ்ட் மாதத்தில். இந்தியக் கால்பந்தே அப்போது கோர்ட்டில் கிடந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தேர்தல் பற்றி ராகுல் மெஹ்ரா தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2017-இல் தேர்தலை ரத்து செய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பழைய நிர்வாகத்தை விலக்கி, முன்னாள் நீதிபதி ஏ.ஆர்.தவே தலைமையில் மூவர் குழுவை வைத்தது. மூவரில் ஒருவர் இந்திய அணியின் முன்னாள் கேப்டன், கோல்கீப்பர் பாஸ்கர் கங்குலி. ஆகஸ்ட் 3-ஆம் தேதி உத்தரவில் மாநிலப் பிரதிநிதிகள் 36 பேருக்குச் சமமாகப் புகழ்பெற்ற முன்னாள் வீரர்கள் 36 பேருக்கும் வாக்கு கிடைத்தது. எதிர்த்தரப்பு நண்பர் அந்தச் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்தார். “உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது யுவர் ஆனர், கால்பந்தை ஆடியவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று.”

சில நாட்களில் காட்சி மாறியது. வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. அக்டோபரில் இங்கே நடக்க வேண்டிய 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை தொங்கலில் நின்றது. ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் மூவர் குழுவைக் கலைத்தது. வாக்கு மாநிலங்களுக்கு மட்டும் என்றானது. செப்டம்பர் 2-இல் தலைவர் தேர்தல்: முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபேவுக்கு 33, நாடறிந்த நட்சத்திரம் பாய்ச்சுங் பூட்டியாவுக்கு 1. நான் அந்தச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போகவில்லை. என் வாதம் வேறு: வாக்குரிமை என்பது ஒன்று, அணியை நடத்தும் வேலை என்பது இன்னொன்று. முதலாவதை ஆடிய தகுதிக்காகவே தரலாம், தரவும் வேண்டும். இரண்டாவதற்கு ஆடிய தகுதி போதாது.

வக்கீல்கள் சங்க அறையில் இது டீக்குத் துணையான பேச்சாகிவிட்டது. 2010-இல் மரடோனா பயிற்சியில் மெஸ்ஸியோடு போன அர்ஜென்டினா காலிறுதியில் ஜெர்மனியிடம் 0–4 என்று நொறுங்கியதை ஒருவர் எடுத்துவிட்டார். உடனே பதில் வந்தது: ஸகாலோ, பெக்கன்பவர், தெஷான். மூவரும் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்றவர்கள். நியாயமான பதில்தான். ஆனால் பெக்கன்பவர் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். 1984-இல் மேற்கு ஜெர்மனியின் பொறுப்பை ஏற்றபோது அவரிடம் பயிற்சியாளர் லைசென்ஸ் கிடையாது. அதற்காகவே ‘டீம்செஃப்’ என்று ஒரு பதவியை வைத்தார்கள். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் நின்றார். எங்கள் சங்கமும் இதையேதான் செய்தது, பக்கத்தில் நின்றவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்ற ஏற்பாட்டைத் தவிர.

இந்தியா கண்ட மிகப் பெரிய பயிற்சியாளர் யார்? ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அவர் பேரைச் சொல்லி டிக்கெட் விற்ற ஆட்டம் ஒன்றும் இல்லை. எங்கள் பி.டி. வாத்தியாரை ரஹீம் சாகிப்போடு ஒப்பிட்டு நான் வாதாடவில்லை, நீதிபதி சிரித்திருப்பார்.

வழக்கில் எனக்கு மறக்காதது சங்கத் தலைவரின் குறுக்கு விசாரணை. எண்பதைத் தொடும் மனிதர். இளவயதில் சங்கு குளித்தவர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961-இல் படகில் இருந்த பையன். வெள்ளை வேட்டி, கழுத்தில் உத்தரியம், கூண்டுக் கம்பியைப் பாய்மரக் கயிறு போல இறுக்கிப் பிடித்த கை.

“நீங்கள் போட்டியில் கால்பந்து ஆடியதுண்டா?”

“இல்லங்கய்யா.”

“ஆடாத நீங்கள், மாநிலத்துக்கே ஆடின ஒருவரை எப்படி எடை போட்டீர்கள்?”

“நான் கடலுக்கு அடியில போனவன்யா. அடியில போறவன் எம்புட்டு கெட்டிக்காரனா இருந்தாலும் அவன் உசுரு மேல கயிறு பிடிக்கிறவன் கையில. நல்லா குளிக்கிறவன் எல்லாம் நல்லா கயிறு பிடிச்சிர மாட்டான். எங்க அண்ணன் பெரிய குளியாளி. அவன் கயிறு பிடிச்சா நான் இறங்க மாட்டேன்.”

சம்பந்தமில்லாத பதில் என்று நண்பர் ஆட்சேபித்தார். நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். (கயிறு பிடிக்க மச்சான்தான் வேண்டும், அக்கா தாலி அவன் கையில் என்பதால் விடமாட்டான் என்று எங்கள் கரையில் சொல்வார்கள். கிழவர் அந்தப் பக்கம் போகவில்லை, நல்லவேளை.)

சட்டப்படி வழக்கு அதில் முடியவில்லை. முடிந்தது 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தில். ஒருவரின் தனிப்பட்ட திறமையை நம்பி நிற்கும் ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று கோர்ட் கட்டாயப்படுத்த முடியாது. அது 14-ஆம் பிரிவு. அப்படிக் கட்டாயப்படுத்த முடியாத ஒப்பந்தத்தை மீறாதே என்று உறுத்துக்கட்டளையும் போட முடியாது; அது 41-ஆம் பிரிவின் (இ) உட்பிரிவு. பாடகரைப் பாட வைக்கவோ, கோச்சை ஒரு அணியின் தலையில் உட்கார வைக்கவோ நீதிமன்றத்துக்கு வழி இல்லை. நீக்கியது தவறென்றால் நஷ்ட ஈடு கேட்கலாம். வாதி அதைக் கேட்கவே இல்லை. பிராது எழுதும்போது அவர் வக்கீல் எடுத்துச் சொல்லியிருப்பார். பணத்துக்காக வந்ததாக ஊர் நினைக்கும் என்று இவர் மறுத்திருப்பார். வழக்கு தள்ளுபடியானது, செலவுத்தொகை இல்லாமல். அவருக்குத் தர வேண்டிய மதிப்பூதிய பாக்கியைச் சங்கம் என் வற்புறுத்தலில் கொடுத்தது.

நாற்காலியைக் கேட்காமல் பணத்தைக் கேட்டவர் இகோர் ஸ்டிமாச். 1998 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்த குரோஷிய அணியின் தடுப்பாட்டக்காரர். 2019 முதல் இந்தியப் பயிற்சியாளர். 2023-இல் சாஃப் கோப்பையை வென்று தந்தவர். அடுத்த ஆண்டு கவுகாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோல்வி, ஜூனில் கத்தாரிடம் தோல்வி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியே. 2026 ஜூன் வரை ஒப்பந்தம் இருக்க, கூட்டமைப்பு 2024 ஜூன் 17-இல் விலக்கியது. ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்றார். கடைசியில் 4 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனதாகச் செய்தி வந்தது. நம் ஊர்ச் சங்கம் நான்கு வரிக் கடிதத்தில் செய்த அதே காரியம், டாலரில்.

2025 ஜூலையில் மறுபடி ஆள் தேடினார்கள். 170 பேர் விண்ணப்பித்தார்கள். ஸ்பெயினின் ஸாவி பெயரும் அதில் இருந்ததாக நாடே இரண்டு நாள் துள்ளியது. பிறகு அந்த மின்னஞ்சல் போலி என்று கூட்டமைப்பே சொன்னது. அனுப்பியவருக்கு நம்முடைய பலவீனம் சரியாகத் தெரிந்திருக்கிறது. தேர்வானவர் காலித் ஜமீல்: பெரிய நட்சத்திரம் இல்லை, ஆனால் 2017-இல் மிசோரத்தின் ஐஸால் அணியை ஐ-லீக் சாம்பியனாக்கிக் காட்டியவர். வந்தவுடன் மத்திய ஆசியப் போட்டியில் மூன்றாமிடம். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு பறிபோனது. சரியான முறையில் எடுத்த ஆளும் தோற்பார். அப்போது அவரைப் பற்றிப் பேச ஒரு அளவுகோல் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

கூட்டமைப்பைப் பற்றிய அந்தப் பழைய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2025 செப்டம்பர் 19-இல் வந்தது. நீதிபதிகள் பி.எஸ்.நரசிம்மாவும் ஜாய்மால்யா பாக்சியும், முன்னாள் நீதிபதி நாகேஸ்வர ராவ் கூட்டமைப்புக்குத் தயாரித்த புதிய விதிகளைச் சில மாற்றங்களோடு ஏற்றார்கள். பொதுக்குழுவில் புகழ்பெற்ற வீரர்கள் 15 பேர், அவர்களில் குறைந்தது 5 பெண்கள், எல்லோருக்கும் வாக்கு. நட்சத்திரத்துக்கு உரிய இடம் அதுதான் என்பது என் கருத்து. அணியை நடத்த ஆசையா, தாராளமாக வரட்டும். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, மற்ற 169 பேரோடு வரிசையில் நின்று.

கடற்கரைச் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். மாலை போடும் முன் நியமனக் கடிதத்தில் காலம், கடமை, விலக்கும் முறை, பாக்கித் தொகை ஆகியவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்து போடுங்கள். ஒரு பக்கம் போதும்.