எண்பத்தேழு எங்கிருந்து வந்தது?

எங்கள் வீட்டு வாசலில் 1972 மாடல் அம்பாசிடர் ஒன்று நிற்கிறது. மார்க் 2. அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன், அல்லது தள்ளுகிறேன். சேலம் சூரமங்கலத்திலிருந்து கிளம்பி ஐந்து ரோட்டைத் தாண்டுவதற்குள் சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதித்துவிடும். ஈரடுக்கு மேம்பாலம் கட்டியும் அதன் அடியில் நெரிசல் குறையவில்லை. ஏற்காடு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது பானெட்டிலிருந்து ஆவி கிளம்பும்.

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃபேன், எஞ்சின் மெதுவாக ஓடும்போது தானும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில் அது தூங்குகிறது. மாருதி 800-ல் எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்ததால், பெல்ட் ஃபேன் ரேடியேட்டரைப் பார்த்துச் சுற்ற வழியில்லாமல் போனது. அதனால் கரண்டில் ஓடும் ஃபேன் வைத்தார்கள். அப்படி ஒரு ஃபேனைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்து ரேடியேட்டர் முன்னால் கட்டினேன்.

முதலில் வயரிங் செய்தவர் இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் வெள்ளை ஒயரில் ஃபேனை நேரடியாக மாட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை. சுவிட்ச் உருகியிருந்தது. இரண்டாவதாக வந்த எலக்ட்ரீசியன் பையன் அதைப் பார்த்துச் சிரித்தான். "ரிலே போடாம யாருண்ணா ஃபேன் மாட்டுவாங்க?" பெட்டியிலிருந்து கருப்புச் சதுரம் ஒன்றை எடுத்தான். அடியில் ஐந்து கால்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு நம்பர்.

"முப்பதுல பேட்டரி. எண்பத்தஞ்சு எர்த். எண்பத்தாறு சுவிட்ச். எண்பத்தேழு ஃபேனுக்கு."

ஐந்து கால் இருக்கும் பெட்டியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போடாமல் ஏன் எண்பத்தேழு?

"அது அப்படித்தாண்ணா வரும்."

அந்தப் பதிலோடு எனக்குத் தூக்கம் வரவில்லை. தேடலை வண்டிக்குள்ளிருந்தே தொடங்கினேன்.

அம்பாசிடரின் முன்னோர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதன் மின்சாமான்கள் பர்மிங்ஹாமில் ஜோசப் லூகாஸ் தொடங்கிய கம்பெனியுடையவை. அவர் ஆரம்பத்தில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றவர். அந்தக் கம்பெனி டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து 1961-ல் சென்னையில் லூகாஸ் டி.வி.எஸ்.-ஐத் தொடங்கியது, ஆலை பாடியில் இருக்கிறது. லூகாஸின் மொழி நிறமும் எழுத்தும். பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது. வெள்ளை, சாவி திருப்பினால் உயிர் பெறுவது. பச்சை, அதே கரண்ட் ஃபியூஸ் தாண்டி வருவது. கருப்பு எர்த். கட்-அவுட் பெட்டியில் ஏ, எஃப், டி, இ என்று எழுத்துகள் இருக்கும்: டி டைனமோ, எஃப் ஃபீல்டு, இ எர்த். காயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்றால் சுவிட்ச், கான்டாக்ட் பிரேக்கர். இங்கிலீஷ் தெரிந்தால் பாதி வயரிங் புரிந்துவிடும். நம்பருக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் ரிலேயின் அடியில் இருப்பது வேறு நாட்டு மொழி. ஜெர்மனி. 1917-ல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது பெர்லினில் தொடங்கிய தர நிர்ணய அமைப்பின் பெயரால் வழங்கும் டின் 72552 என்ற விதியில் இந்த நம்பர்கள் இருக்கின்றன. ஒரு தெருவின் கதவிலக்கம் மாதிரிதான். 30 பேட்டரியின் பாசிட்டிவ், 31 எர்த், 15 சாவி வழியாக வரும் கரண்ட். ஸ்டார்ட்டர் 50, வைப்பர் 53, ஹெட்லைட் 56. ரிலேக்கள் குடியிருப்பது எண்பதுகளின் கோடியில். வண்டி முழுவதற்கும் ஒரே வரிசை என்பதால்தான் ஐந்து கால் பெட்டிக்கு எண்பத்தேழு வந்தது. ஜப்பான்காரர் வடிவமைத்த ஃபேனை, ஜெர்மன் நம்பர் போட்ட ரிலே வழியாக, பர்மிங்ஹாம் நிற ஒயரில் கோத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பையனுக்கு மூன்று மொழியும் சரளம்.

சரி, ரிலே என்ற சாமானே எங்கிருந்து வந்தது? பக்கத்துத் தெருப் பெரியவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேலம் ஜங்ஷன் எங்கள் சூரமங்கலத்தில்தான் இருக்கிறது. இங்கே எந்தத் தெருவிலும் ஒரு ரயில்வேக்காரர் உண்டு. பானெட் திறந்திருந்தால் நின்று பார்க்காமல் போகமாட்டார். ரிலேயைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இது எங்க வீட்டுப் பிள்ளையாச்சே தம்பி. தந்திக்குப் பொறந்தது. காருக்குத் தத்துக் குடுத்தாச்சு."

உண்மைதான். தந்திக் கம்பியில் தூரம் போகப் போகக் கரண்ட் மெலிந்துவிடும். அந்த மெலிந்த கரண்டால் ஒரு மின்காந்தத்தை மட்டும் இழுக்கவைத்து, அதைக் கொண்டு புது பேட்டரியின் கரண்டைத் திறந்துவிடும் தந்திரம் 1830-களில் வந்தது. களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரை பூட்டுவதற்கு இருந்த பெயரையே அதற்கும் வைத்தார்கள். நம் பள்ளிக்கூட மைதானத்தில் ரிலேவை அஞ்சலோட்டம் என்றுதானே சொல்கிறோம். என் வண்டியிலும் நடப்பது அதுவே: ரிலேயின் காயில் குடிப்பது 0.15 ஆம்பியர், அது திறந்துவிடுவது எட்டு ஆம்பியர். சுவிட்ச் இனி உருகாது.

உருகாதே தவிர, எட்டு ஆம்பியரை யாராவது தரவேண்டும். என் டைனமோ நல்ல வேகத்தில் ஓடும்போது தருவது 22 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டும் பத்து, இக்னிஷன் நாலு, ஃபேன் எட்டு. ஹாரன் அடித்தால் கடன். வண்டி சிக்னலில் நிற்கும்போதோ டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தருவதில்லை. அப்போது ஃபேன் பேட்டரியின் சேமிப்பைத் தின்கிறது. ஆக, பெல்ட் ஃபேனின் அதே சோம்பல் டைனமோவுக்கும் உண்டு. இதைப் பையன் சொல்லவில்லை, டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு சொன்னது. ராத்திரியில் நெரிசலுக்குப் போகாமல் இருப்பதுதான் இப்போதைக்கு என் பரிகாரம்.

பெரியவர் கேட்ட கேள்வி வேறு. சூடானால் ஃபேனை ஓடவைக்க ரேடியேட்டரில் திருகியிருந்த தெர்மோ சுவிட்சைக் காட்டி, "இந்த ஒயர் அறுந்தா ஃபேன் ஓடுமா, நிக்குமா?" என்றார்.

"நிக்கும் சார்."

"அப்ப தப்பு."

ரயில்வேயில் தண்டவாளத்திலேயே மெல்லிய கரண்ட் ஓடி ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டி ஏறினால் சக்கரமும் அச்சும் அந்தக் கரண்டைக் குறுக்கே கடத்திவிட, ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். ஒயர் அறுந்தாலும் பேட்டரி செத்தாலும் அதே சிவப்புதான். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. கெட்டுப்போனால் எந்தப் பக்கம் விழவேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுவது. ரிலே ரூமுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், இன்னொன்று சிக்னல் பிரிவுக்காரர்களிடம்.

காருக்குத் தத்து வந்தபோது பிள்ளை அந்த ஒழுக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது. ஐந்தாவது கால், 87ஏ, சும்மா இருந்தது. ரிலே விழுந்த நிலையில் கரண்ட் தருவது அது. ஃபேனை அதில் மாட்டி, சூடானால் திறக்கும் சுவிட்ச் போட்டால், ஒயர் அறுந்தாலும் ஃபேன் ஓடும். பையன் மறுத்துவிட்டான். "அந்த மாதிரி சுவிட்ச் கடையில கேட்டா சிரிப்பாங்கண்ணா." கடைசியில் டேஷ்போர்டுக்கு அடியில் கையால் போடும் சுவிட்ச் ஒன்றும், 87-லிருந்து ஒரு குட்டிப் பச்சை பல்பும் வைத்தோம். ஃபேன் ஓடினால் பல்பு எரியும்.

பெரியவரை அழைத்து வந்து காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"பல்பு எரியலைன்னா ஃபேன் ஓடலையா, இல்ல பல்பு பீஸ் போச்சா?"

நான் முழித்தேன்.

"சிக்னல் லைட் எரியுதான்னு பார்க்கவே தனியா ஒரு ரிலே வெச்சிருப்போம் தம்பி" என்று சொல்லிவிட்டு, பால் வாங்கப் போய்விட்டார்.