முதலில் கெட்ட பீஸ் போடட்டும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஓரளவு பெரிய பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனி எதற்குள் போனாலும் சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். ஸ்கில் மேட்ரிக்ஸ் என்பார்கள். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே மெஷின் நம்பர், கட்டத்துக்குக் கட்டம் நான்காகப் பிளந்த சின்ன வட்டம். கால் வட்டம் கறுப்பு என்றால் ஆள் கற்றுக்கொண்டிருக்கிறார். பாதி என்றால் கூட ஒருவர் நிற்க வேண்டும். முக்கால் என்றால் தனியாக ஓட்டுவார். முழு வட்டம், அடுத்தவருக்கும் சொல்லிக்கொடுப்பார். ஆடிட்டுக்கு முந்தின நாள் இந்த வட்டங்கள் மளமளவென்று கறுக்கும். முப்பது வருட சர்வீஸில் நானும் ஸ்கெட்ச் பேனா பிடித்தவன்தான்.

அப்படி நான் கறுப்படித்த ஒரு வட்டம் என்னைத் திருப்பி அடித்தது. நைட் ஷிஃப்ட். அசிட்டல் என்ற பிளாஸ்டிக் ஓடும் மெஷினுக்கு ஆள் வரவில்லை. நாலு வருடமாக பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன், மட்டுமே ஓட்டிய பையனை அங்கே நிறுத்தினேன். அட்டவணைப்படி அவன் முக்கால். கொஞ்ச நேரத்தில் ஷார்ட் விழ ஆரம்பித்தது. பீஸின் ஓரம் நிரம்பவில்லை. பிபியில் ஷார்ட் வந்தால் என்ன செய்வானோ அதையே செய்தான். ஹீட்டரை ஏற்றினான், பிறகு இன்னும் ஏற்றினான். பிபி அதைப் பொறுத்துக்கொள்ளும். அசிட்டல் 200 டிகிரியை ஒட்டி ஓட வேண்டியது; சூடு மிஞ்சி பேரலில் தேங்கினால் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவாகும். நாசில் படபடவென்று துப்பியது. கண் எரிச்சல் தாங்காமல் மொத்த ஷிஃப்ட்டும் ஷட்டருக்கு வெளியே ஓடியது. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை.

காலையில் டையை, அதாவது அச்சை, பிரித்தால், ஏர் வென்ட்டில் வெள்ளையாகப் படிந்து அடைத்திருந்தது. உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வழியில்லை, பிளாஸ்டிக் எப்படி ஓரத்துக்குப் போகும்? துடைத்துவிட்டால் போதும். ஹீட்டரைத் தொட்டிருக்கவே வேண்டாம். பையன் மேல் மெமோ பாய்ந்தது. அவனுக்குப் பட்டன் தெரியும், மெட்டீரியல் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்காமல் வட்டம் போட்டவனுக்கு மெமோ இல்லை.

அதற்குப் பிறகு நான் புது ஆளுக்கு முதல் வாரம் நல்ல பீஸ் போடக் கற்றுக்கொடுப்பதில்லை. கெட்ட பீஸ் போடச் சொல்கிறேன். உற்பத்தியிலிருந்து ஒதுக்கிய பழைய டை ஒன்றை மாட்டி, ஷாட்டை, அதாவது ஒரு தடவைக்கு உள்ளே தள்ளும் அளவை, வேண்டுமென்றே குறைக்கச் சொல்வேன். பாதி நிரம்பிய பீஸ், முக்கால் நிரம்பியது, ஓரம் மட்டும் பாக்கி என்று வரிசையாக மேஜையில் அடுக்கினால், கேட்டில் நுழைந்த பிளாஸ்டிக் எந்த வழியாகப் போகிறது, கடைசியில் எந்த மூலைக்குப் போய்ச் சேருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். அந்தக் கடைசி மூலையில்தான் காற்று மாட்டும். ஹோல்டிங் பிரஷரைக் குறைத்தால் தடித்த இடத்தில் குழி விழும். விரலால் தடவிப் பார்க்கச் சொல்வேன். டையின் இடுக்கில் பிளாஸ்டிக் பிதுங்கும் ஃப்ளாஷை மட்டும் செய்து காட்டுவதில்லை. டையின் வாய் அடிபடும், டூல் ரூம்காரர் சண்டைக்கு வருவார்.

ஆட்கள் விரும்பிப் பார்ப்பது நைலான் பாடத்தை. ஒரு தட்டு நைலானை மழை நாளில் திறந்தே வைத்திருந்து, காய வைக்காமல் ஹாப்பரில் கொட்டுவேன். ஆறு வருடம் டிரிம்மிங் மேஜையில் கேட் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் ஒருநாள் பக்கத்தில் நின்றிருந்தார். நாசிலைப் பின்னுக்கு இழுத்து பர்ஜ் பண்ணியதும் உருகின நைலான் நுரைத்துக்கொண்டு, சீறிக்கொண்டு வந்தது. பீஸின் மேலே வெள்ளிக் கோடுகள்.

“ஈர மீனை எண்ணெயில போட்டா சட்டி இப்படித்தான் சார் கத்தும்.”

“அதேதான்மா. தண்ணி.”

“அப்ப பிபி ஏன் கத்த மாட்டேங்குது?”

“முறுக்கு டப்பாவைத் திறந்து வெச்சா என்ன ஆகும்?”

“நமுத்துப்போகும்.”

“நைலான் நமுக்கும். பிபி நமுக்காது.”

எந்த ஸ்லைடிலும் இல்லாத இந்தச் சொல்தான் எங்கள் ஃப்ளோரில் நின்றது. நமுக்கும் மெட்டீரியல்: நைலான், ஏபிஎஸ், பாலிகார்பனேட், பெட். நைலானுக்கு டிரையரில் 80 டிகிரி, 4 மணி நேரம். பாலிகார்பனேட்டுக்கு 120 டிகிரி, 3 முதல் 4 மணி நேரம். இது புரிந்த ஆளை எந்த மெஷினில் நிறுத்தினாலும் மூட்டையின் மேல் எழுதியிருப்பதை முதலில் படிப்பார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களுக்கு நமுத்தல் என்ற சொல் புரியாது. கெட்ட பீஸ் வரிசைக்கு மொழி வேண்டாம், பீஸைக் காட்டி விரலை மடக்கினால் போதும்.

கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் சிப்பெட் நிறுவனம் 1968-லேயே, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு வந்துவிட்டது. அங்கே மூன்று வருட டிப்ளமோ படித்தவர்கள் வந்ததும் டை செட்டிங் வேலையின் தரமே மாறியதைப் பார்த்திருக்கிறேன். குறை அங்கே இல்லை. கான்ட்ராக்டர் வேனில் காலையில் வந்து இறங்கும் ஆளுக்கு நாம் ஒதுக்குவது பத்து நிமிஷம், அதிலும் பாதி ஷூ அளவு பார்ப்பதற்கு. பயிற்சிக்கு இரண்டு நாள் ஏசி அறை கேட்டு நான் சண்டை போட்ட காலம் உண்டு. இப்போது கேட்பதில்லை. டை மாற்றும்போதும் மெட்டீரியல் மாற்றும்போதும் மெஷின் எப்படியும் நிற்கிறது. அந்த நேரம் போதும். அசிட்டலை இறக்கிவிட்டு பாலிஎத்திலீன் விட்டு பேரலைக் கழுவும்போது, ஏன் கழுவுகிறோம் என்று கூடவே சொல்லிவிடலாம்.

“சொல்லிக்கொடுத்தா பக்கத்து கம்பெனிக்குப் போயிடுவான்” என்று முதலாளிகள் சொல்வார்கள். போவான்தான். நாலு மெஷின் தெரிந்தவனுக்கும் ஒரு மெஷின் தெரிந்தவனுக்கும் ஒரே கூலி என்றால் ஏன் நிற்க வேண்டும்? எந்த மெஷினுக்கும் ஆள் வேண்டும் என்று கேட்கிறோம், அதற்கு விலை மட்டும் கொடுக்க மாட்டோம்.

மீன் சட்டி சொன்ன பெண் இப்போது பகல் ஷிஃப்ட்டில் செட்டர். போன ஆடிட்டுக்கு முன்னால் அவருடைய அசிட்டல் வட்டத்தை முழுக்கக் கறுப்பாக்கப் போனேன். “முக்காலோட நிறுத்துங்க சார். இன்னும் ஒருத்தருக்குக்கூட நான் சொல்லிக்கொடுக்கலையே” என்றார். நிறுத்திவிட்டேன். கம்பெனி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்தக் கடைசிக் கால் கறுக்கும் மாதத்திலேயே அவர் சம்பளத்தையும் ஏற்றுங்கள்.