செப்பிலோக்கில் விட்டு வந்தது

மாற்றலாகிக் கிள்ளானுக்கு வந்து வருடங்கள் ஓடிவிட்டன. இன்னமும் காலை பத்து மணி ஆனால் மனசு சண்டாக்கான் பக்கம் போய்விடுகிறது. சபாவில் ஆசிரியையாக இருந்தபோது, பள்ளி விடுமுறை நாளில் பசியாறிவிட்டு பஸ் ஏறுவேன். லாபுக் சாலையில் 14-ஆவது மைலில் இறங்கி உள்ளே போனால் செப்பிலோக். ஒராங் ஊத்தான்களுக்கு அங்கே மேடையில் சாப்பாடு வைப்பது பத்து மணிக்கு. பிற்பகல் மூன்றுக்கு இன்னொரு வேளை.

1964-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் அது. சுற்றிலும் 43 சதுர கிலோமீட்டர் காடு. மரம் வெட்டியும் செம்பனை நட்டும் காடு அழிந்த இடங்களில் தாயைப் பறிகொடுத்த குட்டிகளும், யாரோ வீட்டில் சட்டத்துக்குப் புறம்பாக வளர்த்தவையும் அங்கே வந்து சேரும். வந்ததும் தனியே வைத்து நோய் நொடி பார்ப்பார்கள். நமக்கு வரும் சளியும் காசநோயும் அவற்றுக்கும் தொற்றும்.

நான் அதிக நேரம் நின்றது குட்டிகள் பழகும் இடத்தில்தான். கண்ணாடிக்கு அந்தப்புறம் மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருக்கும். நெற்றியில் முடி செங்குத்தாக நிற்கும் ஒரு பயல் இருந்தான். கயிற்றில் ஏறமாட்டான். தரையில் உட்கார்ந்து, பராமரிப்பவரின் ரப்பர் பூட்ஸைக் கட்டிக்கொள்வான். அவர் அதட்டமாட்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தூக்கிக் கயிற்றில் விடுவார். இறங்கி வருவான். மறுபடியும் தூக்கி விடுவார். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. பயல் பெரிய இலை ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கயிற்றிலேயே, கீழே வராமல் உட்கார்ந்திருந்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

காட்டில் பிறந்த குட்டி ஏழெட்டு வருடம் தாயோடு திரியும். எந்தப் பழம் எப்போது பழுக்கும், இரவு படுக்கக் கிளையை எப்படி வளைத்துக் கூடு கட்டுவது, எல்லாம் தாயைப் பார்த்துப் பார்த்துப் படிப்பதுதான். தாய் இல்லாத பிள்ளைக்கு அதைச் சம்பளத்துக்கு வேலை செய்யும் மனிதர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள். கூடவே கொஞ்சம் மூத்த குட்டிகளும். அந்த மனிதர்களின் பொறுமைக்கு ஈடாக நான் என் வகுப்பறையில் எதையும் செய்ததில்லை.

மேடையில் வைப்பது பெரும்பாலும் வாழைப்பழமும் பாலும்தான். மாற்றமே இல்லாத சாப்பாடு. வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். நாக்கு சலித்துப்போய்க் காட்டுக்குள் தானே தேடட்டும் என்று. என்னால் முதலில் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பிள்ளைகளுக்கு நாலு விதமாகக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். “கொடுத்தால் இங்கேயே இருந்துவிடும், டீச்சர்” என்றார் அந்தப் பராமரிப்பவர். மேடைக்கு ஒன்று சில நாட்களாக வரவில்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருக்காது. பெருமைதான் இருக்கும்.

நான் கிளம்பிய சமயம் என் பயல் குட்டிகள் இடத்தை விட்டு வெளியே வந்திருந்தான். சில நாள் மேடைக்கு வருவான், பல நாள் வரமாட்டான். கடைசியாகப் போன அன்றும் வரவில்லை. பன்றிவால் குரங்குகள்தான் பழத்தை அள்ளிக்கொண்டு ஓடின. சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன். மழை வலுத்துப் பெய்யும் நாட்களில் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் என்று இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இந்நேரம் ஆளே அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்ந்திருப்பான்.

சபாவுக்குப் போகிறவர்கள் செப்பிலோக்குக்கும் போய்விட்டு வாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் போகாதீர்கள். காட்டில் பழம் காய்க்கும் பருவமாக இருந்தால் மேடைக்கு ஒன்றுகூட வராமல் போகலாம். டிக்கெட் காசு வீண் என்று முகம் சுளிக்காதீர்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிலேயே சாப்பாடு கிடைத்திருக்கிறது.